இரண்டு பேருக்கும் சேர்த்து

பேண்டு மாஸ்டர் மாரிட் யாரையாவது பாராட்டிவிட்டால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பெரிய ஆரூடம் ஒன்றும் இல்லை. நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர் அது. அங்கே பாராட்டினாலும் மழைதான், திட்டினாலும் மழைதான். ஆனாலும் ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடத்து ஜிம் ஹாலில், முப்பத்து மூன்று பிள்ளைகள் காதால் கேட்க, அவர் கைக்குச்சியைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார்:

"எஸ்கில், ரொம்ப நல்லா இருக்குடா. இப்பத்தான் இந்த ட்ரம்பெட் வரிசை காதுக்கு இதமா இருக்கு. மத்தவங்களும் இவனைப் பாத்துக் கத்துக்கோங்க. கத்துறதுக்குப் பேரு வாசிப்பு இல்ல."

எஸ்கில் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற ஈவர் சிரிப்பை அடக்க முடியாமல் தன் ட்ரம்பெட்டுக்குள்ளேயே தும்மினான். காரணம் இருக்கிறது. எஸ்கில் அன்றைக்கு ஒரு சுரம்கூட ஊதவில்லை. அன்றைக்கு மட்டுமா? ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு அவன் ஊதவே இல்லை.

எல்லாம் பல்லுக்குக் கம்பி போட்டதால் வந்த வினை. மார்ச் மாதம் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் கம்பி ஏறியது. ட்ரம்பெட்டில் வாய் வைக்கிற இடம் ரொம்பச் சின்னது, அதை உதட்டில் அழுத்திப் பிடித்தால்தான் சத்தம் வரும். அழுத்தினால் உதடு கம்பியில் போய்க் குத்திக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் உள்உதடு கிழிந்து ரத்தம். பல் டாக்டர் கம்பி மேல் அப்பிக்கொள்ள மெழுகு கொடுத்தார். அந்த மெழுகு முதல் பாட்டு முடிவதற்குள் தொண்டைக்குள் போய்விட்டது.

மாரிட் கேட்கத்தான் செய்தார். "கம்பி போட்டுக்கிட்டு ஊத முடியுதா?"

"முடியுதே. ஒண்ணும் பிரச்சினை இல்ல."

இப்படி ஒரு பச்சைப் பொய்யை எஸ்கில் அதற்கு முன்னால் சொன்னதில்லை. போன வருஷம் கம்பி போட்ட ஒரு பெண்ணை மாரிட் பெரிய குழலுக்கு மாற்றிவிட்டார். அதன் வாய் டீக்கப் அளவு அகலம், பல்லுக்குத் தொந்தரவு இல்லை. அந்தப் பெண்ணும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் கடைசி வரிசைக்குப் போனவள் போனவள்தான். இடைவேளையில் வாஃபிள் தின்பதும், பஸ்ஸில் உட்காருவதும் எல்லாம் பெரிய குழல்காரர்களோடு என்று ஆகிவிட்டது. பேண்டில் வரிசை என்பது ஒரு வீடு மாதிரி. வீடு மாறியவன் பழைய வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வரமுடியும்.

எஸ்கிலுக்கு வீடு மாற மனமில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ட்ரம்பெட் வரிசையில் ஈவருக்குப் பக்கத்து இடம் அவனுடையது. வலது ஓரத்தில் ஈவர், அடுத்து அவன், அதற்கடுத்து மூன்றே மூன்று சுரம் தெரிந்த இரண்டு பொடிசுகள். இப்போது இரண்டு பேரும் ஏழாம் வகுப்பு. ஆகஸ்டில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். அதற்குள் ஈவர் மட்டும் முன்னாடியே கிளம்பிவிட்டது போலிருந்தது. ஒரே குளிர்காலத்தில் பதினான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். குரல் உடைந்து பாதாளத்துக்குப் போய்விட்டு அவ்வப்போது கூரைக்குத் தாவியது. ஹேண்ட்பால் கோச் அவனை வழியில் நிறுத்திப் பேசினார். எட்டாம் வகுப்புப் பையன்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எஸ்கிலோ போன வருஷம் இருந்த அதே இடத்தில் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தான். வீட்டு போனை எடுத்தால் எதிரே பேசுகிறவர், "பாப்பா, போனை அப்பாகிட்ட குடும்மா" என்றார்.

வகுப்பில் ஈவரைச் சுற்றிக் கூட்டம். பஸ்ஸிலும் கூட்டம். செவ்வாயும் வியாழனும் அந்த ட்ரம்பெட் வரிசையில் மட்டும்தான் எல்லாம் பழையபடி இருந்தது. அந்த ஒரு முழ இடமும் போய்விட்டால் ஈவரும் போய்விடுவான் என்று எஸ்கில் பயந்தான். அந்தப் பயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஊதுவாயில் இருந்த ரத்தத்தை முதலில் பார்த்தவன் ஈவர்தான். சைக்கிள் ஷெட்டில் வைத்துக் கேட்டான்.

"என்னடா இது, உதட்டைக் கடிச்சுத் தின்னுட்டியா?"

"மாரிட்கிட்ட சொல்லிடாதடா. வேற வரிசைக்குப் போடுவாங்க."

ஈவர் கொஞ்ச நேரம் யோசித்தான். அவனுக்கு யோசிப்பது என்றால் மூக்கைச் சொறிவது. "நீ சும்மா வாயில வெச்சுக்கோ. விரலை மட்டும் ஆட்டு. நான் ரெண்டு பேருக்கும் சேத்து ஊதறேன்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க? எனக்கு இப்ப நுரையீரலே ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. நான் சாப்பிடறதைப் பாத்தே எங்கம்மா அழறாங்க."

அதற்குப் பதிலுதவி செய்யும் நேரம் ஒரே வாரத்தில் வந்தது. தெருவில் நடந்தபடி வாசிக்கிற பயிற்சி. ஈவரின் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நாற்பத்து நான்காம் நம்பர் ஷூ. நேற்று இருந்த கால் வேறு, இன்றைக்கு இருக்கிற கால் வேறு. எல்லாரும் இடது வைத்தால் அவன் வலது வைத்தான், திருத்தப் போய் முன்னால் நடந்த டிராம்போன்காரியின் குதிகாலை மிதித்தான். பெரிய டிரம் என்னவோ பின்னால் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் டிரம் அடிக்கிற இல்வா ஒவ்வொரு அடியையும் ஒரே மாதிரி போடுகிறவள். டம், டம், டம், டம். அதில் எது இடது, எது வலது என்று ஈவரின் காலுக்குப் புரியவில்லை.

மாரிட் வார நாட்களில் கார் ஏற்றும் பெரிய படகில் வேலை பார்க்கிறவர். லாரிகளைக் கையசைத்து அங்குல சுத்தமாக நிறுத்துகிறவருக்கு இது பொறுக்குமா? "ஈவர், மீன் லாரி கூட உன்னைவிட நேராப் போகுது. இப்படியே நடந்தா பதினேழாம் தேதி ஊர்வலத்துல நீ வேண்டாம். ஓரமா நின்னு கொடி ஆட்டு" என்று சொல்லிவிட்டார்.

மே பதினேழு நார்வேயின் தேசிய நாள். அன்றைக்குப் போய் ஓரமாக நிற்பதா? கைக்குழந்தைகூட அன்றைக்கு ஓரமாக நிற்காது. ஈவரின் முகம் விழுந்துவிட்டது.

"விடுடா" என்றான் எஸ்கில். "என் வாய் சும்மாதானே இருக்கு? நீ ரெண்டு பேருக்கும் சேத்து ஊது. நான் ரெண்டு பேருக்கும் சேத்து நடக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. எஸ்கில் ட்ரம்பெட்டை உதட்டருகே வைத்துக்கொண்டு, விரல்களை முறையாக அசைத்துக்கொண்டு, அதன் மறைவில் "லெஃப்ட்... லெஃப்ட்..." என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பான். ஈவரின் பெரிய கால் அந்த முணுமுணுப்பைக் கேட்டு விழும். ஒரே மாதத்தில் மாரிட்டுக்கு இரட்டைத் திருப்தி. ஒருத்தன் நேராக நடக்கக் கற்றுக்கொண்டான், இன்னொருத்தன் அடக்கமாக வாசிக்கக் கற்றுக்கொண்டான். பாராட்டியும் விட்டார். மழையும் வந்தது.

*

மே பதினேழு காலையில் மழை இல்லை. அதுவே பாதித் திருவிழா. மலை உச்சியில் இன்னும் பனி, கீழே தெருவெல்லாம் கொடி. காலை ஊர்வலம் பிள்ளைகளுக்கானது, எல்லா வகுப்பும் பின்னால் கத்திக்கொண்டு வர, பேண்டு முன்னால் போனது. எஸ்கில் முணுமுணுத்தான், ஈவர் ஊதினான், ஒரு குறையும் இல்லை. ஈவரின் அம்மா பேண்டு கால்சட்டையின் மடிப்பை இரண்டு தடவை பிரித்துவிட்டும் துணி போதவில்லை. கணுக்காலுக்கு மேல் மஞ்சள் சாக்ஸ் பளிச்சென்று தெரிந்தது. அதைத்தவிர எல்லாம் சரி.

பிறகு பள்ளிக்கூட மைதானம். சாக்கு ஓட்டம், சாசேஜ், ஐஸ்கிரீம். அன்றைக்கு ஒரு நாள் எந்த அப்பா அம்மாவும் 'எத்தனை தின்றாய்' என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர்கள் மேல் ஊரே குறைப்படும். இந்த வழக்கத்தை நம்பித்தான் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். இந்த வழக்கத்தால்தான் அன்றைக்கு எல்லாம் கெட்டது.

எஸ்கில் ஒரு சாசேஜைக் கம்பியில் மாட்டாமல் ஓரப்பல்லால் மென்றுகொண்டு ஈவரைத் தேடினான். ஐஸ்கிரீம் மேஜைக்குப் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பையன்கள் வட்டமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். "ஆறு... ஆறு... ஆறு முடிஞ்சுது!" நடுவில் ஈவர்.

"ஈவர், நாலு மணிக்குப் பெரிய ஊர்வலம்டா" என்றான் எஸ்கில்.

"தெரியும்டா."

"போதும், வா."

வட்டத்தில் நின்ற ஒருத்தன் திரும்பினான். மேலுதட்டில் நாலு முடி, அதற்கே நாற்பது வயதுத் தோரணை. "யார்றா இது? உன் தம்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஈவரும் வாய் நிறைய ஐஸ்கிரீமோடு சிரித்தான். மற்றவர்கள் சிரித்தது எஸ்கிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஈவர் சிரித்தது வலித்தது. நன்றாகவே வலித்தது.

அவன் கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னான். "நீ ரெண்டு பேருக்கு ஊதணும். ஞாபகம் இருக்குல்ல?"

"அதான் ரெண்டு பேருக்கும் சேத்துத் தின்னுட்டு இருக்கேன்" என்றான் ஈவர், ஏழாவதைப் பிரித்துக்கொண்டே.

"அப்ப சரி. இன்னைக்கு நீயே நடந்துக்கோ."

சொல்லிவிட்டு எஸ்கில் திரும்பிப் பார்க்காமல் போனான். முதுகுக்குப் பின்னால் "எட்டு!" என்றும், கொஞ்ச நேரம் கழித்து "ஒன்பது!" என்றும் கூச்சல் கேட்டது. கேட்காத மாதிரி போனான். ஆனால் கேட்டது.

*

நாலு மணி ஊர்வலத்தில் ஊரே நடந்தது. முன்னால் கொடிகள், அதற்குப் பின்னால் பேண்டு, அதற்குப் பின்னால் பட்டும் வெள்ளிப் பொத்தானுமாக ஆண்களும் பெண்களும். எஸ்கிலின் அப்பா பேண்டுக்குப் பக்கவாட்டில் பையோடு நடந்தார். பிளாஸ்திரி, ஊக்கு, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் அதில் இருந்தது.

எஸ்கில் வாயில் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டான். ஒரு முணுமுணுப்பு இல்லை. ஈவர் ஓரக்கண்ணால் பார்த்தான். எஸ்கில் நேராகப் பார்த்தான். ஈவரின் கால் தடுமாறியது, சமாளித்தது, மறுபடி தடுமாறியது. முன்னால் போன டிராம்போன்காரி ஒரு தடவை "ஐயோ" என்றாள், இரண்டாவது தடவை வேறு என்னவோ சொன்னாள். ஈவரின் நெற்றியில் வியர்வை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைப் பட்டாணி நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் எஸ்கிலின் காதில் இருந்தது. 'தம்பி கிட்ட எதுக்குடா கேக்கற, உன் பெரிய அண்ணன்மார்கிட்ட கேளு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லியும் மனசு ஆறவில்லை.

முதியோர் இல்லத்து வாசலில் பேண்டு நின்றது. ஒவ்வொரு வருஷமும் அங்கே நின்று அந்த நாளின் பாட்டை வாசிக்கவேண்டும். சக்கர நாற்காலிகளில் கம்பளி போர்த்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்து காத்திருந்தார்கள். மாரிட் கையைத் தூக்கினார். இரண்டு வரி நன்றாகப் போனது. மூன்றாவது வரி ஆரம்பிக்கும் இடத்தில் ஈவர் தன் ட்ரம்பெட்டை எஸ்கிலின் கையில் திணித்தான்.

"பிடி" என்றான். அவ்வளவுதான். இரண்டே எட்டில் வேலிப் புதருக்குள் தலையை விட்டுவிட்டான். ஒன்பது ஐஸ்கிரீமும் வந்த வழியே திரும்பின.

பாட்டின் மெட்டு சட்டென்று காணாமல் போனது. பொடிசுகள் இரண்டும் தங்கள் மூன்று சுரத்தை விடாமல் ஊதின. பெரிய குழல்கள் 'பூம், பூம்' என்றன. நடுவில் இருக்கவேண்டிய மெட்டு மட்டும் இல்லை. சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் கவலையே படாமல் தாங்களே பாடிக்கொண்டு போனார்கள். மாரிட் எஸ்கிலைப் பார்த்தார். 'நீ இருக்கிறாயே, எடு' என்று பார்த்தார்.

எஸ்கில் ஊதித்தான் பார்த்தான். ஆட்டுக்குட்டி தும்முகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதோடு உதட்டில் சுருக்கென்று ஒரு குத்து. உடனே ட்ரம்பெட்டை இறக்கி, வால்வு ஒட்டிக்கொண்ட மாதிரி அதைத் திருகிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். மாரிட் நம்பிவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு, படகில் லாரிக்குக் காட்டுகிற அதே சைகையில் 'முன்னால் போ' என்று கையை வீசினார். நின்று மானம் போவதைவிட நடந்துகொண்டே போவது மேல் என்று நினைத்திருப்பார்.

நடப்பதற்கு டிரம் வேண்டும். டிரம்காரி இல்வா புதருக்கு வெளியே தெரிந்த மஞ்சள் சாக்ஸைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு, எதற்கும் லேசில் சிரிக்காதவள். அப்படிப்பட்டவர்கள் சிரித்தால் ஓயாது. கையிலிருந்து டிரம் அடிக்கிற கட்டை நழுவியது. அங்கிருந்து துறைமுகம் வரை தெரு ஒரே இறக்கம். கட்டை உருண்டது. இல்வா டிரம்மைச் சுமந்துகொண்டு அதன் பின்னால் ஓடினாள்.

பேண்டு நகர்ந்தது. டிரம் இல்லாமல், மெட்டு இல்லாமல், இறக்கத்தில், ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு கால் வைத்தார்கள். டிராம்போன் போய் முன்னால் இருந்த கொடிக்காரரின் முதுகில் இடித்தது. பொடிசில் ஒன்று அழத் தயாரானது. அப்போதுதான் ஈவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து தன் இடத்தில் நுழைந்தான். எஸ்கில் அவன் ட்ரம்பெட்டைத் திருப்பிக் கொடுத்தான். ஈவர் அதைத் தூக்கவே தெம்பில்லாமல் கையில் பிடித்துக்கொண்டான். கால் வேறு பின்னியது. ஒரு கால் இன்னொரு காலைத் தேடிப்போய் இடித்தது, பாதி விழுந்து எழுந்தான். தெரு ஓரத்தில் எட்டாம் வகுப்புப் பையன்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள்.

இந்தத் தடவை ஈவர் சிரிக்கவில்லை. குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நடந்தான். கண் கலங்கியிருந்தது.

எஸ்கில் முதலில் முணுமுணுத்தான். "லெஃப்ட்... லெஃப்ட்..." அந்த அமளியில் அது அவனுக்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்லவேண்டும் என்றால் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுக்கவேண்டும். வால்வு ஒட்டியவன் அதைச் சரிசெய்துகொண்டு வாசிப்பான். வாயைத் திறந்து கத்துகிறவன் வாசிக்கிறவன் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இடம் போய்விடும்.

ஈவர் மறுபடியும் தடுக்கினான்.

எஸ்கில் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"லெஃப்ட்! லெஃப்ட்! லெஃப்ட்!"

போனில் 'பாப்பா' என்று கூப்பிடவைக்கிற அந்தக் கீச்சுக் குரல், அவன் வெறுத்த அதே குரல், முப்பது வாத்தியங்களின் குழப்பத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போனது. உடைந்த குரல் எதுவும் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஈவரின் இடது கால் விழுந்தது. அடுத்து டிராம்போன் வரிசை. அடுத்து பொடிசுகள். பத்து எட்டுக்குள் பேண்டு முழுக்க ஒரே காலில் நடந்தது. வாசிப்பே இல்லாமல், "லெஃப்ட்! லெஃப்ட்!" என்ற ஒற்றைக் குரலோடு, ஷூ சத்தம் மட்டும் தெருவில் ஒன்றாக விழ, துறைமுகம் வரை இறங்கினார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். புது மாதிரி நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

*

துறைமுகத்தில் பத்து நிமிஷம் ஓய்வு. பின்னால் வருகிறவர்கள் வந்து சேரவேண்டும். எஸ்கிலின் அப்பா ஈவருக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ்கிரீம் விஷயத்தில் கேட்கக்கூடாது என்பதுதான் வழக்கமாயிற்றே.

மாரிட் வந்து எஸ்கிலுக்கு எதிரே நின்றார். "வால்வு சரியாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பக்கூடத் தயாராக இருந்தார். ஆனால் எஸ்கிலுக்கு அலுத்துவிட்டது.

"வால்வுல ஒண்ணும் இல்ல, மாரிட். நான் ஊதல. ஈஸ்டர்ல இருந்தே ஊதல. கம்பி குத்துது."

"ஊதலையா?"

"ஈவர்தான் ரெண்டு பேருக்கும் சேத்து ஊதினான்."

"நான் உன்னைப் பாராட்டினேனே?" என்றார் மாரிட்.

"ஆமா."

"எதைடா பாராட்டினேன்?"

"நான் ஊதாம நின்னதை."

கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் மூச்சு வாங்க வந்து சேர்ந்த இல்வா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்காத இல்வா!" மாரிட்டுக்கு நிஜமாகவே கோபம். "அத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கியிருக்கான். நான் கேட்டேன்ல, கம்பியோட ஊத முடியுதான்னு? என்கிட்ட ஏன் சொல்லல?"

"மன்னிச்சிருங்க. சொன்னா வேற வரிசைக்கு மாத்திடுவீங்கன்னு..."

"மாத்தத்தான் செய்வேன். ஊதாத ஆளுக்கு ட்ரம்பெட் வரிசையில என்ன வேலை?"

அதுதான் முடிவு என்று எஸ்கிலுக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக எதற்குப் பயந்தானோ அது நடந்துவிட்டது. அழக்கூடாது என்று கடலைப் பார்த்தான்.

"ஐடியா என்னோடது" என்று ஈவர் நடுவில் வந்தான். "அவனை மாத்தினா நானும் நடக்கல. இவன் லெஃப்ட் சொல்லலேன்னா எனக்கு எந்தக் கால் எதுன்னே தெரியாது. இவ்வளவு நாள் நேரா நடந்தது நான் இல்ல, இவன்தான்."

மாரிட் அவனைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உன்னைப் பாராட்டினதும் தப்பா?"

"என்னை நீங்க பாராட்டவே இல்லையே. மீன் லாரின்னு சொன்னீங்க."

போனோடு அங்கேயும் வந்துவிட்டான் அந்த நாலு முடி மீசைக்காரன். "ஈவர், உன் தம்பிக்குச் செம குரல்டா!"

ஈவர் அவன் பக்கம் திரும்பினான். குரல் பாதாளத்தில் ஆரம்பித்துக் கூரையில் முடிந்தது, ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. "தம்பி இல்லடா. என் ஃப்ரெண்டு. எஸ்கில்னு பேரு. அப்பவே சொல்லியிருக்கணும்."

எஸ்கில் கடலை விட்டு இந்தப் பக்கம் திரும்பினான்.

இல்வா சிரித்து முடித்துவிட்டுத் தோள்பட்டை வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் சாவகாசமாக. "நான் இவங்களுக்கு நேர் பின்னாடிதானே நடக்கறேன்? ஊதறவனுக்குப் பிடரி சிவக்கும். ஈவர் பிடரி தக்காளி மாதிரி இருக்கும். இவன் பிடரி ரெண்டு மாசமா வெள்ளை வெளேர்னு இருக்கு. அது மட்டும் இல்ல, லெஃப்ட் லெஃப்ட்னு ஒரே கொசு சத்தம் வேற."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றார் மாரிட்.

"கேக்கலையே நீங்க?" இல்வா டிரம்மைக் கீழே வைத்தாள். "எனக்குச் சின்ன டிரம்தான் வேணும்னு போன வருஷத்துல இருந்து சொல்றேன். இது தோளை அறுக்குது. எனக்கு ரெண்டு காலும் ஒண்ணுதான், நான் பாட்டுக்கு அடிக்கறேன். இவன் ஒருத்தனுக்குத்தான் எது லெஃப்ட்னு தெரியுது. இவன்கிட்ட குடுங்க."

மாரிட் டிரம்மைப் பார்த்தார், எஸ்கிலைப் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பெருமூச்சு விட்டார். "தூக்க முடியுமா உன்னால?"

"இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லு" என்று சேர்த்துக்கொண்டார்.

"தெரியல" என்றான் எஸ்கில். அது நிஜம்.

அப்பா பையிலிருந்து ஊக்குகளை எடுத்து வாரை மூன்று மடிப்பு மடித்துக் குத்திவிட்டார். எஸ்கில் டிரம்மைச் சுமந்து எழுந்தபோது, முன்னாலிருந்து பார்த்தால் டிரம்முக்கே தொப்பியும் காலும் முளைத்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை. அவன் ட்ரம்பெட் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஈவருக்குப் பக்கத்தில் அவன் இடம் காலியாக இருந்தது. மாரிட் பொடிசு ஒன்றை அந்த இடத்துக்கு நகர்த்திவிட்டார். ஒரே நிமிஷம்தான் ஆனது.

எஸ்கில் பின் வரிசையில் போய் நின்றான். டிரம்முக்கு மேலே எட்டிப் பார்த்தால் ஈவரின் தொப்பியும் முதுகும் மட்டும் தெரிந்தன. ஈவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மாரிட் கையை வீசினார்.

எஸ்கில் அடித்தான். முதல் அடி அவன் வயிற்றுக்குள்ளேயே விழுந்த மாதிரி அதிர்ந்தது. இல்வா மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாக அடிக்க அவனுக்கு வரவில்லை. இரண்டு மாதமாக முணுமுணுத்த வாய்க்குப் பதில் கை பேசியது. இடதுக்குப் பலமாக, வலதுக்கு மெதுவாக. டம்... டும்... டம்... டும்.

ஈவரின் தொப்பி இடது பக்கம் இறங்கியது. பலமான அடி விழும்போதெல்லாம் சரியாக இறங்கியது. ஒரு தப்பு இல்லை. ட்ரம்பெட் மேலே போனது. வயிறு காலியானதாலோ என்னவோ, ஈவர் அன்றைக்கு ஊதின மாதிரி என்றைக்கும் ஊதினதில்லை. அவன் பிடரி தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது. இல்வா சொன்னது உண்மைதான், இங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது.

அது மட்டுமா? ஈவருக்குப் பக்கத்தில் இருந்தபோது அவன் சொல் ஒரே ஒரு காலுக்குத்தான் கேட்டது. இப்போது எதிரே முப்பது தொப்பிகளும் அவன் கைக்கு ஆடின. டிராம்போன்காரி, பொடிசுகள், பெரிய குழல்காரர்கள், பேண்டுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த மாரிட் உட்பட.

எஸ்கிலுக்குள் குறும்பு ஒன்று மெல்ல எழுந்தது. கடைத்தெரு முனைக்கு வந்தபோது, இடது காலுக்கான பலமான அடி விழவேண்டிய இடத்தில், அவன் கட்டையைத் தூக்கி ஒரு நொடி அப்படியே நிறுத்தினான்.

முப்பது இடது கால்கள் அந்தரத்தில் நின்றன. முப்பது தொப்பிகள் பாதியில் சாய்ந்து நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாரையும்விட உயரமாக, ஒரு மஞ்சள் சாக்ஸ்.

ஈவர் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து, ஒற்றைக்காலில் தள்ளாடியபடி, கூரையில் போய் முடிகிற குரலில் கத்தினான்.

"டேய், எஸ்கில்!"

எஸ்கில் அடித்தான்.